வரிசையில் நிற்கும் பணிகள்

கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பாடலைக் கேட்டுக்கொண்டே கட்டுரையைத் தட்டச்சு செய்கிறோம். அதே வேளையில் ஒரு கோப்பு தரவிறங்குகிறது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் பின்னணியில் வட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒருசேர நடப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. உண்மையில் கணினியின் மையச் செயலகம் ஒவ்வொரு பணிக்கும் சில மில்லி நொடிகளை அளிக்கிறது; பின்னர் அதனை நிறுத்திவைத்து அடுத்த பணியை அழைக்கிறது. நான்கு உள்ளகங்கள் கொண்ட செயலகமாயின் நான்கு வாயில்கள் திறந்திருக்கின்றன என்று கொள்ளலாம். வாயில்கள் எத்தனையாயினும் அவற்றின்முன் ஒரு வரிசை எப்போதும் நிற்கிறது. அவ்வரிசையில் யாரை முதலில் அழைப்பது, யாரைக் காத்திருக்கச் செய்வது என்று முடிவு செய்வது இயக்க அமைப்பின் கடமை. அம்முடிவுக்கு அடிப்படையாக அமைவதே முன்னுரிமை.

முன்னுரிமை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். பேருந்தில் முதியோருக்கு முன்னுரிமை. மருத்துவமனையில் விபத்துக்குள்ளானவருக்கு முன்னுரிமை. ஆயினும் அச்சொல்லின் முழுப்பொருளை நான் உணர்ந்தது ஒரு கணினித் திரையின்முன் அமர்ந்திருந்தபோதுதான். மரக்காணம் உப்பளங்களைப் பற்றி எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஒரு காணொலி எடுத்தனர். அதனை முடித்துக் கொடுக்க ஆரோவில்லுக்குச் சென்றிருந்தோம். அன்று நான் கற்றவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர். சங்க இலக்கியம் குறிப்பிடும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அதன் தெற்கே கழுவெளி என்னும் பெரிய ஈரநிலம் விரிந்து கிடக்கிறது. அதனை 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு பறவைகள் காப்பகமாக அறிவித்தது. அதற்கும் தெற்கே, செம்மண் மேட்டில் ஆரோவில் அமைந்துள்ளது.

மரக்காணத்தில் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காய்ச்சி உப்பு எடுக்கின்றனர். கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3 பாகை இருக்கும். நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு ஏறி, 25 பாகையை எட்டும்போது உப்புப் படிகங்கள் தோன்றத் தொடங்கும். 29 பாகையைத் தாண்டுவதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பேறிவிடும். இவ்வளவையும் கண்ணாலும் காலாலும் அறிந்து செய்பவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். பொழுது புலருமுன் பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறுகின்றனர். வெண்மையின் கூச்சம் கண்களையும், உப்புநீர் பாதங்களையும் பாதிக்கின்றன.

மாணவர்கள் ஒரு மாதம் அலைந்து திரிந்து இவற்றையெல்லாம் படம்பிடித்தனர். அவர்களுள் ஒரு மாணவியின் தாய் உப்பளத்தில் வேலை செய்பவர். அவர் காணொலியில் நான்கு நிமிடங்கள் பேசியிருந்தார். “மழைக்காலம் வந்தா வேலை இல்ல. மீதி மாசத்துச் சம்பாத்தியத்துலதான் வருசம் பூரா சாப்பிடணும்” என்று அவர் சொன்னபோது படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவரின் கை சற்றே நடுங்கியது, காட்சியிலும் அந்நடுக்கம் பதிந்திருந்தது.

காணொலியைத் தொழிலாளர்களுக்கே முதலில் திரையிட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தோம். அவர்களுக்கு ஏற்ற நாளைக் கேட்டறிந்து, பள்ளி வளாகத்தில் மாலை ஆறு மணிக்குத் திரையிடல் என்று அறிவித்தோம். தொகுப்புப் பணியில் எங்களுக்கு உதவியவர் என் முன்னாள் மாணவர். ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கிக் காணொலித் தொகுப்பாளராகப் பணியாற்றுபவர். திரையிடல் நாளன்று காலை, நானும் மூன்று மாணவர்களும் அவருடைய அறைக்குச் சென்றோம். தொகுப்பு முடிந்திருந்தது. எஞ்சியிருந்தது இறுதியாக்கம் மட்டுமே.

இறுதியாக்கம் என்பதைத் தொகுப்பாளர்கள் ‘ரெண்டரிங்’ என்பர். வெட்டி ஒட்டிய காட்சிகள், எழுத்துகள், இசை, வண்ணத் திருத்தங்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றாக்கி, எந்தக் கருவியிலும் ஓடக்கூடிய ஒரே கோப்பாக மாற்றுவது அது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால், 20 நிமிடக் காணொலிக்கு 30,000 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டுகள் வீதம் அப்படியே சேமித்தால் முழுக் காணொலிக்கும் 186 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாத பகுதிகளைக் கண்டறிந்து, மாறுவனவற்றை மட்டும் பதிந்து, அதனைச் சில நூறு மெகாபைட்டுகளாகச் சுருக்குவது கணினியின் வேலை. முப்பதாயிரம் சட்டகங்களையும் ஒன்று விடாமல் கடந்தாக வேண்டும்.

முற்பகல் பதினொரு மணிக்கு இறுதியாக்கம் தொடங்கியது. இன்னும் நான்கரை மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. திரையிடல் ஏற்பாடுகளுக்காக மூன்று மணிக்கே நாங்கள் அங்கிருந்து புறப்பட்டாக வேண்டும். மாணவர்கள் முகம் வாடினர்.

“முன்னுரிமையை ஏற்றிவிடலாம் அண்ணா” என்றான் ஒரு மாணவன். கணினி அறிவியல் வகுப்பில் படித்தது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். விண்டோஸ் இயக்க அமைப்பின் பணி மேலாளரைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பணிகளின் பட்டியல் தெரியும். அதில் ஒரு பணியின்மேல் வலப்பொத்தானை அழுத்தி அதன் முன்னுரிமையை மாற்றலாம். தாழ்வு, இயல்புக்குக் கீழ், இயல்பு, இயல்புக்கு மேல், உயர்வு, நிகழ்நேரம் என ஆறு படிகள் அங்கு உள்ளன. அம்மாணவன் கடைசிப் படியாகிய ‘நிகழ்நேர’த்தையே தேர்ந்தெடுக்க விரும்பினான். தொகுப்பாளர் அவன் கையைத் தடுத்தார்.

“அது வேணாம் தம்பி. சுட்டியும் விசைப்பலகையும்கூட வரிசையில நின்னுதான் வேலை செய்யுது. இதைத் தூக்கி எல்லாத்துக்கும் முன்னால நிறுத்திட்டா, நிறுத்துன்னு சொல்லக்கூட நமக்கு வழி இருக்காது.”

அவர் சொன்னது மிகையன்று. நிகழ்நேரப் படியில் இடைவிடாது ஓடும் பணி, இயக்க அமைப்பின் சொந்தப் பணிகளையே பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். சுட்டி நகராமல் போகலாம். வட்டில் எழுதப்பட வேண்டிய தரவுகள் தேங்கி நிற்கலாம். எனவே அவர் ‘உயர்வு’ என்னும் படியைத் தேர்ந்தெடுத்தார். காத்திருப்பு நேரம் சிறிது குறைந்தது. உடனே மாணவர்கள் மகிழ்ந்தனர். அவரோ, “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, திறந்திருந்த உலாவியை மூடினார்; நினைவட்டையிலிருந்து நகலெடுத்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார்; நச்சுநிரல் தேடலைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்தார். பின்னர், காணொலியின் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, ‘இயல்பு’ நிலையில் ஒரு முறையும் ‘உயர்வு’ நிலையில் ஒரு முறையும் இறுதியாக்கம் செய்து காட்டினார். இரண்டுக்கும் ஆன நேரத்தில் வேறுபாடே இல்லை!

காரணம் எளிது. வரிசையில் வேறு எவரும் இல்லாதபோது முதலிடம் கொடுப்பதில் பொருளில்லை. முன்னுரிமை செயலகத்தின் ஆற்றலைக் கூட்டுவதில்லை; இருக்கும் ஆற்றலை யாருக்கு முதலில் வழங்குவது என்பதை மட்டுமே மாற்றுகிறது. உப்பளத்தில் ஒரே வாய்க்காலிலிருந்து பல பாத்திகளுக்கு நீர் பாய்கிறது. ஒரு பாத்தியின் மடையை அகலத் திறந்தால் அப்பாத்தி விரைவில் நிறையும், மற்றவை காத்திருக்கும். வாய்க்காலில் வரும் நீரின் அளவு அதனால் கூடிவிடுமா? எவரோ ஒருவரின் காத்திருப்பே மற்றொருவரின் விரைவாகிறது.

அப்படியாயின் மெய்யான தடை எது? அதனையே தேட வேண்டும் என்றார் தொகுப்பாளர். மூலக்காட்சிகள் அனைத்தும் பழைய புறவட்டு ஒன்றில் இருந்தன. செயலகம் எவ்வளவு விரைந்தாலும் வட்டிலிருந்து காட்சி வந்து சேரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான். அவற்றைக் கணினியின் உள்ளே இருந்த திண்மநிலை வட்டுக்கு மாற்றினார். மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் செயலகம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. மின் இணைப்பைக் கொடுத்தார். மெத்தைமேல் இருந்த கணினியை மேசைக்கு மாற்றினார். காற்றோட்டமின்றிச் சூடேறினாலும் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இவற்றால் நான்கரை மணி நேரம் மூன்றேகால் மணி நேரமாயிற்று. ஆயினும் மணி பன்னிரண்டைக் கடந்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பேச்சு எழுந்தது. “அந்தம்மா பேசுறது நாலு நிமிசம் வருது ஐயா. அதை வெட்டிட்டா நேரம் குறையும். பறவைக் காட்சியெல்லாம் அப்படியே இருக்கலாம்” என்றான் இன்னொரு மாணவன். அவன் எவரையும் புண்படுத்த நினைக்கவில்லை. கணக்கை மட்டுமே பார்த்தான். அத்தாயின் மகள் சுவரோரம் அமர்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தொகுப்பாளர் மறுமொழி கூறாமல் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே இறுதியாக்கம் செய்து நேரத்தைக் குறித்தார். விளைவு எங்கள் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. நான்கு நிமிடப் பேச்சு மிக விரைவாக முடிந்துவிட்டது. அசையாத பின்னணியில் ஒருவர் அமர்ந்து பேசும் காட்சியில் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவது சிறிதளவே. எனவே கணினிக்கு அது எளிய வேலை. நெடுநேரம் எடுத்துக்கொண்டவை வேறு இரண்டு. ஒன்று, பறவைக் காட்சியை மெதுவாக ஓடச் செய்த செயற்கை விளைவு. இல்லாத இடைச்சட்டகங்களைக் கணினியே கணித்து உருவாக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, தொடக்கத்தில் உப்புத் துகள்கள் பறந்து வந்து ஒன்றுசேர்ந்து தலைப்பாக மாறும் நாற்பது நொடி அசைவூட்டம்.

அந்த அசைவூட்டத்தை உருவாக்கியவள் சுவரோரம் அமர்ந்திருந்த அம்மாணவிதான். பத்து நாள்கள் பள்ளிக் கணினியில் அமர்ந்து கற்றுச் செய்தாள். எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் எழுந்து வந்து திரையைச் சிறிது நேரம் நோக்கினாள்.

“தலைப்பு வெறும் எழுத்தாவே வரட்டும் அண்ணா. பறவை அதுபாட்டுக்குப் பறக்கட்டும்.”

இரண்டு விளைவுகளும் நீக்கப்பட்டன. இறுதியாக்கம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே போதும் என்று திரை காட்டியது. அந்நேரத்தில் அதே கணினியில் துணைவரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. தொகுப்பாளர் மீண்டும் பணி மேலாளரைத் திறந்தார். இம்முறை இறுதியாக்கத்தின் முன்னுரிமையை உயர்த்தவில்லை. ‘இயல்புக்குக் கீழ்’ என்று தாழ்த்தினார். “நாம தட்டும்போது மட்டும் அது ஒதுங்கி வழிவிடும். நாம சும்மா இருக்கிற நேரமெல்லாம் அதுக்குத்தான். எழுத்து அடிக்கிறதுக்குச் செயலகத்துல எவ்வளவு நேரம் வேணும்? ரெண்டும் நடக்கும்” என்றார். அவ்வாறே நடந்தது. பெரிய வேலை சிறிய வேலைக்கு வழிவிட்டதால் பெரிய வேலைக்குப் பெரும் இழப்பு ஏதும் ஏற்படவில்லை. சிறிய வேலையும் தடையின்றி முடிந்தது.

இக்கருத்து கணினியியலில் பழமையானது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டு பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் காலப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். நெடுநேரம் ஓடும் பணிகளின் முன்னுரிமையைப் படிப்படியாகத் தாழ்த்தி, குறுகிய பணிகளை விரைவில் முடித்தனுப்பும் ஏற்பாட்டை அவர்கள் வகுத்தனர். பின்னர் வந்த யூனிக்ஸ் இயக்க அமைப்பில் ‘நைஸ்’ என்றே ஒரு கட்டளை உண்டு. பிறரிடம் இணக்கமாக நடந்துகொள்வது என்பது அச்சொல்லின் பொருள். அதன் மதிப்பு -20 முதல் 19 வரை அமையும். எண் ஏற ஏற அப்பணி பிற பணிகளுக்கு மிகுதியாக வழிவிடும். தன் பணியின் முன்னுரிமையைத் தாழ்த்திக்கொள்ள எந்தப் பயனருக்கும் உரிமை உண்டு. உயர்த்துவதற்கோ நிருவாகியின் அதிகாரம் வேண்டும். விட்டுக்கொடுக்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை. பிறரை முந்துவதற்கு மட்டும் இசைவு வேண்டும் என்னும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

எதனை விடுவது என்று அறிந்திருப்பது உயிரைக் காத்த நிகழ்வும் உண்டு. 1969 சூலை 20 அன்று அப்பல்லோ 11 விண்கலத்தின் தரையிறங்கு கலம் நிலவை நெருங்கியபோது அதன் கணினி 1202 என்னும் எச்சரிக்கையைக் காட்டியது. சந்திப்புக்கான ரேடார் தேவையற்ற சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருந்ததால் கணினி தாங்கும் அளவை மீறி வேலைகள் குவிந்தன. அக்கணினியின் மாற்றத்தகு நினைவகம் வெறும் 2,048 சொற்கள். ஆயினும் அது முடங்கவில்லை. ஹால் லேனிங் வடிவமைத்திருந்த முன்னுரிமை முறைப்படி, முதன்மையற்ற வேலைகளைக் கைவிட்டு, கலத்தைச் செலுத்தும் பணிகளை மட்டும் மீண்டும் தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் பத்திரமாகத் தரையிறங்கினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் ஒன்று உண்டு. 1997 சூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி சில நாள்களில் திடீர் திடீரென மறுதொடக்கம் ஆயிற்று. வானிலைத் தரவுகளைத் திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று, பொதுவான வளம் ஒன்றைத் தன் கையில் வைத்திருந்தது. உயர்ந்த முன்னுரிமைப் பணி அவ்வளத்துக்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகளோ தாழ்ந்ததை ஓடவிடாமல் தடுத்தன. தாழ்ந்தது நகராததால் உயர்ந்ததும் நின்றுபோயிற்று. பொறியாளர்கள் புவியிலிருந்தபடியே இதனைத் திருத்தினர். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? உயர்ந்த பணி காத்திருக்கும்வரை, தாழ்ந்த பணிக்கும் உயர்ந்ததன் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிக்கும் ஏற்பாட்டை இயங்கச் செய்தனர். கடைநிலையில் இருப்பவர் வேலை முடியாமல் முதல்நிலையில் இருப்பவர் வேலையும் முடியாது என்பதைச் செவ்வாயில் நின்ற அந்தச் சிறு கலம் மெய்ப்பித்தது.

தாழ்ந்த முன்னுரிமையுடைய ஒரு பணி, முறை வராமலே காத்துக் கிடக்கும் நிலையைக் கணினியியலார் ‘பட்டினி’ என்றே குறிப்பிடுகின்றனர். அதற்கு மருந்தும் கண்டுள்ளனர். ஒரு பணி காத்திருக்கும் காலம் நீள நீள அதன் முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்துவதே அம்மருந்து. உப்பளத்தில் நிற்பவர்களை நினைக்கும்போது, கணினிக்கு நாம் வகுத்துத் தந்த இந்நெறியை நமக்கு நாமே வகுத்துக்கொண்டோமா என்னும் கேள்வி எழுகிறது. எல்லோருடைய இலையிலும் முதலில் இடப்படுவது உப்பு. அதனை விளைவிப்பவரின் முறை எப்போது வரும்?

ஆரோவில்லின் வரலாற்றிலும் முன்னுரிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று அந்நகர் தொடங்கப்பட்டபோது, அம்மேட்டுநிலம் மழைநீர் அரித்த செம்மண் வெளியாகக் கிடந்தது. ஐம்பதாயிரம் பேர் வாழும் நகருக்கான திட்டம் கையில் இருந்தது. ஆயினும் அங்குக் குடியேறியவர்கள், சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களின் துணையோடு, வரப்புகள் அமைத்து மழைநீரைத் தேக்குவதிலும் மரங்களை நடுவதிலும் முதலில் முனைந்தனர். கட்டடங்கள் காத்திருந்தன. இன்று அங்குக் காணும் காடு அந்தக் காத்திருப்பால் விளைந்தது.

மாணவர்களே, மேல்நிலை வகுப்பில் உங்கள் முன்னும் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. பாடம், தேர்வு, விளையாட்டு, கைப்பேசி, நட்பு, வீட்டுவேலை என ஒவ்வொன்றும் தன்னை முதலில் அழைக்குமாறு கேட்கிறது. எல்லாவற்றுக்கும் ‘உயர்வு’ என்று குறித்தால் எதற்கும் முன்னுரிமை அளித்ததாகாது. உங்கள் நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான். அதனைக் கூட்ட எவராலும் இயலாது. ஆகவே, விரைவு வேண்டும்போது வேகத்தைத் தேடுமுன் சுமையைப் பாருங்கள். அதில் அழகுக்காகச் சேர்த்தவை எவை, உயிராக இருப்பவை எவை என்று பிரித்தறியுங்கள். நேரம் போதாதபோது பெரும்பாலும் உயிரானதையே முதலில் வெட்ட நினைக்கிறோம். அழகுக்காகச் சேர்த்தவற்றில் நம் உழைப்பு கலந்திருப்பதால் அவற்றை விட மனம் வருவதில்லை. பத்து நாள் உழைப்பை விட்டுக்கொடுத்துத் தாயின் நான்கு நிமிடங்களை அம்மாணவி காத்தாள்.

அன்று மாலை பள்ளி வளாகத்தில் திரை விரிந்தது. வெள்ளை எழுத்தில் தலைப்பு வந்து மறைந்தது. அதனை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்தத் தாய் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தித் திரையை நோக்கினர். ஒருவர் தம் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். பின்னால் நின்றிருந்த மாணவர்கள் எவரும் நான்கு நிமிடம் முடியும்வரை அசையவில்லை.